பதவி வந்ததும் கங்காணி ஆகாதீர்கள்: விடுதி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து விடுதிப் பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு வீட்டில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் இரண்டுதான்: நல்லாப் படி, வம்புக்குப் போகாதே. மற்றதையெல்லாம் பிள்ளையே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்கிறது. இடைநிலைப் பள்ளியின் நான்காம் ஆண்டான படிவம் 4-இல் கையில் ஒரு பதவியும் கிடைத்துவிட்டால், அந்தத் தடுமாற்றம் சின்னப் பிள்ளைகள் தலையிலும் விழும்.

சட்டையில் பெங்காவாஸ் (மாணவர் கண்காணிப்பாளர்) பேட்ஜ் ஏறியதும் சிலர் தோட்டத்து மேற்பார்வையாளரான கங்காணி ஆகிவிடுகிறார்கள். தாத்தா காலத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் துரைக்கு முன்னால் கைகட்டி நின்ற அதே ஆள், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வெட்டுக்காரர்களிடம் திரும்பியதும் உறுமுவாரே, அப்படி. வார்டனிடம் பவ்யம், படிவம் 1 தம்பிகளிடம் அதட்டல். சட்டையைத் துவைத்துப் போடு, மெகி நூடுல்ஸ் கலக்கிக் கொண்டு வா, வீட்டிலிருந்து வந்த முறுக்கில் பாதியைக் கொடு என்று ஆரம்பிக்கும். கேட்டால், "நாங்களும் இப்படித்தானே வந்தோம்" என்பார்கள். வந்திருக்கலாம். அதற்கு அந்தத் தம்பி என்ன செய்வான்?

பிரம்பைத் தூக்குபவர்களுக்கு ஒன்று. பள்ளிக் கட்டொழுங்கு பற்றிய 1959-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, பிரம்படி கொடுக்கும் அதிகாரம் பள்ளி முதல்வருக்கும் அவர் அதிகாரம் வழங்கிய ஆசிரியருக்கும்தான். மாணவிகளை அடிக்க அவர்களுக்குமே அனுமதி இல்லை. அப்படியிருக்க, 17 வயது அண்ணன் ஒருவர் தம்பியைத் தோப்புக்கரணம் போட வைப்பதும் கன்னத்தில் அறைவதும் எந்தக் கணக்கில் சேரும்? பகடிவதைக் கணக்கில்தான். 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத் திருத்தம் பகடிவதையைத் தனிக் குற்றமாகவே ஆக்கிவிட்டது. விஷயம் கட்டொழுங்கு ஆசிரியர் அறையோடு முடிந்துவிடும் என்ற பழைய தைரியம் இனி வேண்டாம்.

அப்புறம், இதற்கு நேர்மாறான தவறு. சேக்காளி விளக்கணைத்த பிறகு வேலி தாண்டுகிறான், கைப்பேசியைத் தலையணைக்குள் ஒளிக்கிறான். பெங்காவாஸ் கண்ணை மூடிக்கொள்கிறார். அதே கைப்பேசி வேறொரு பையனிடம் அகப்பட்டால் உடனே அறிக்கை. தம்பிகளுக்கு இது நன்றாகவே தெரியும். அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர்கள் காதில் வாங்க மாட்டார்கள்.

ஓர் இரவு ஒரு தம்பி அழுதுகொண்டு வந்து, "அண்ணே, யாரிடமும் சொல்லாதீங்க" என்று ஆரம்பித்தால் என்ன செய்வது? பாவம் பார்த்துச் சத்தியம் செய்துவிடுவதுதான் வழக்கம். செய்யாதீர்கள். "தனியா விடமாட்டேன், கூடவே வருகிறேன்" என்று சொல்லி அன்றைக்கே வார்டனிடம் அழைத்துப் போங்கள். எப்போது, எங்கே, யார் என்பதையும் எழுதி வையுங்கள். ஒரு வாரம் போனால் எல்லாரும் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

சாப்பாட்டு மண்டபத்தில் தமிழ்ப் பிள்ளைகள் ஒரே மேசையில் உட்காருவது இயல்புதான். மூன்று வேளையும் ஆண்டு முழுவதும் அதே மேசை என்றால், விடுதிச் செயற்குழுத் தேர்வின்போது உங்களை யாருக்கும் தெரியாது. மாட்டிறைச்சி சாப்பிடமாட்டேன், வெள்ளிக்கிழமை சைவம் என்பதையெல்லாம் பதிவு நாளிலேயே சொல்லிவிட வேண்டும். மாதக்கணக்கில் வெறுஞ்சோறு தின்றுவிட்டுப் பிறகு முணுமுணுக்கக் கூடாது. வீட்டிலிருந்து கறி, கோழி கட்டிக்கொண்டு போவதற்கு முன் விடுதி விதியைக் கேளுங்கள். மலாய் நண்பர்களோடு ஒரே டோர்மில் இருக்கும்போது ஹலால் சின்ன விஷயம் கிடையாது.

கழகங்களுக்கு வருவோம். பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கான புள்ளியில் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் ஆண்டுத் தொடக்கக் கூட்டத்தில் பதவிக்கு அடிதடி. ஒரே ஆள் செம்பிறைச் சங்கத்தில் செயலாளர், தமிழ்மொழிக் கழகத்தில் தலைவர், பூப்பந்தில் பொருளாளர். மூன்றும் ஒரே புதன்கிழமையில் கூடும்; இரண்டுக்கு மட்டம். வருகையும் பங்கேற்ற நிலையும் அடைவும் சேர்த்துத்தான் புள்ளி கொடுக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒன்றில் தலைவராக இருந்து, மற்ற இரண்டில் ஒழுங்காக வரும் உறுப்பினராக இருந்தாலே போதும் என்பது என் கணக்கு.

தமிழ்மொழிக் கழகத்துக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. தீபாவளிக்கு ஒரு கோலம், பொங்கலுக்கு ஒரு பானை, ஆண்டு முடிந்தது. படிவம் 5 இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.-இல் தமிழ் எடுக்கும் விடுதிப் பிள்ளைக்கு வகுப்பு பெரும்பாலும் பள்ளி முடிந்த பிறகோ சனிக்கிழமையோ இருக்கும். அது விடுதியின் பிரெப்போடும் (கட்டாயப் படிப்பு நேரம்) வெளியே போகும் நாளோடும் மோதும். கழகத் தலைவர் ஆசிரியரோடு போய் வார்டனிடம் நேரத்தைச் சரிசெய்து கொடுத்தால், எத்தனையோ பேர் தமிழைக் கைவிடாமல் இருப்பார்கள். பள்ளியில் தமிழ் வகுப்பே இல்லையா? 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் ஏற்பாடு செய்ய 1996 கல்விச் சட்டத்தில் இடமிருக்கிறது. கோலப்பொடி வாங்கும் முன் அந்தக் கையெழுத்துகளை வாங்கலாம்.

பணத்தைப் பற்றி: முதல்வர் அனுமதியில்லாமல் ஒரு வெள்ளிகூட (ரிங்கிட்) வசூலிக்காதீர்கள், ரசீது இல்லாமல் செலவழிக்காதீர்கள். "அஞ்சு வெள்ளிதானே" என்று நினைக்க வேண்டாம். இதே சுங்கை சிப்புட்டில் பிறந்து அமைச்சரான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்மரம் வெட்டியவர்கள் தலைக்குப் பத்து வெள்ளி கொடுத்துத்தான் தோட்டங்களை வாங்கினார்கள். நம் ஊர்க்காரர்களுக்குச் சின்னக் காசின் கணக்கு புதிதில்லை. பதவி முடியும்போது கூட்டக் குறிப்பும் கணக்குப் புத்தகமும் அடுத்த செயலாளர் கைக்குப் போக வேண்டும். உங்கள் லாக்கரிலேயே கிடக்கக் கூடாது.

கடைசியாகப் பெற்றோர்களுக்கு. தைப்பூசத்துக்குப் பேராக்கில் பொது விடுமுறை உண்டு, ஆனால் வாரத்தின் நடுவில் வந்தால் விடுதி தானாக வாசலைத் திறந்துவிடாது. பிள்ளை காவடி எடுக்கிறான், விரதம் இருக்கிறான் என்றால் சில வாரங்களுக்கு முன்பே வார்டனிடம் எழுத்தில் கொடுங்கள். அழைத்துப் போக வருபவர் பெயரும் கடிதத்தில் இருக்கட்டும். பெயர் இல்லாத சித்தப்பா மோட்டாரில் வந்து ஹாரன் அடித்துக்கொண்டு நின்றால், காவலாளி கேட்டைத் திறக்க மாட்டார். திறக்கவும் கூடாது.