புல்லட் புரூஃப் ஜாக்கெட் கீழே சரிந்தபோது

வங்கிப் பணம் ஏற்றும் வேனில் காவலுக்குப் போகிற வேலை எனக்கு. நேரங்கெட்ட நேரத்தில் அழைப்பு வரும் என்பதால் புல்லட் புரூஃப் ஜாக்கெட் புதூர் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியிலேயே தொங்கும். கொஞ்ச நாளாக மாட்டிக்கொண்டால் நெஞ்சு மேட்டில் வெறும் துணிதான் தட்டுப்பட்டது; வயிற்றுப் பக்கம் மட்டும் தடித்துக் கிடந்தது.

தோள்பட்டையை இறுக்கினேன். ஜாக்கெட் மொத்தமும் ஏறியதே தவிர இடைவெளி அப்படியே. பக்கவாட்டு வெல்க்ரோவை டெய்லரிடம் கொடுத்து மாற்றினேன், காசுதான் போனது.

அப்புறம் உறையைத் திறந்து, உள்ளே குண்டைத் தடுக்கிற பேனலை உருவினேன். அதை மேலே பிடித்து நிறுத்த உறைக்குள் சின்னதாக ஒரு வெல்க்ரோ இருக்கிறது, வெளியிலிருந்து தெரியாது. அதன் கொக்கிகளில் பஞ்சும் தலைமுடியும் அடைத்திருந்தன. பிடிப்பு போய், தொங்கும்போதெல்லாம் பேனல் தன் எடைக்கே சரிந்திருக்கிறது. ஊசியாலும் பழைய டூத்பிரஷாலும் சுத்தம் செய்து, உடம்புப் பக்கம் எது என்று லேபிளில் பார்த்து மறுபடி நுழைத்தேன். அலைச்சல் ஓய்ந்தது.

உறையை மட்டும் துவைக்கலாம். பேனலை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பேனலில் இருக்கிற அராமிட் என்ற உறுதியான செயற்கை நாருக்கு வெயில் ஆகாது. மதுரை மொட்டைமாடிக் கொடியில் போட்டுவிடாதீர்கள்.

இப்போது பீரோவின் கீழ்த்தட்டில் மட்டமாகப் படுக்க வைக்கிறேன், மேலே எதையும் அடுக்குவதில்லை. இடதுபக்கப் பட்டைகள் ஒட்டியே இருக்கும். தலைவழியே மாட்டி வலதுபக்கம் ஒட்டினால் முடிந்தது.