மேல்நிலை ஆங்கில வகுப்பில் சேருகிறவர்களுக்கு: வருவதற்கு முன் படித்துவிடுங்கள்

புதுக் குழு தொடங்கும் ஒவ்வொரு முறையும், முதல் வகுப்பில் அரை மணி நேரம் விதிகளைச் சொல்வதிலேயே போய்விடுகிறது. இந்த முறை முன்கூட்டியே எழுதித் தருகிறேன். வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மாலையில் களைப்போடு வருகிறவர்களுக்கான வகுப்பு இது. அதனால் எந்த விதியையும் காரணம் சொல்லாமல் வைக்கப் போவதில்லை.

இங்கே வருகிற எல்லோருமே ஏற்கெனவே ஆங்கிலத்தில் சமாளிக்கிறவர்கள். மின்னஞ்சல் எழுதுவீர்கள், கூட்டங்களில் பேசுவீர்கள், படம் பார்த்தால் முக்கால்வாசி புரியும். ஆனாலும் சில வருடங்களாக ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும். நீங்கள் சொல்வது மற்றவர்களுக்குப் புரிந்துவிடுகிறது, புரிந்துவிட்டால் யாரும் திருத்துவதில்லை. கணக்குத் துறையில் வேலை செய்யும் ஒருவர் என் வகுப்புக்கு வந்தார். பதினைந்து வருடமாகப் பேச்சும் எழுத்தும் ஆங்கிலத்தில்தான். ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குப் பின்னால் ‘அபவுட்’ போடக்கூடாது என்று அவருக்கு ஒருவர்கூடச் சொன்னதில்லை. இரண்டாம் வாரம் தானே அதைக் கண்டுபிடித்ததும், “இத்தனை வருடத்தில் யாராவது சொல்லியிருக்கலாமே” என்றார். அந்த வருத்தம் எனக்கு நன்றாகப் புரிந்தது. வெளியே கிடைக்காத அந்தத் திருத்தம் இங்கே கிடைக்க வேண்டும். என் விதிகள் எல்லாம் அதற்காகத்தான்.

மணிக்கணக்கையும் பார்த்துவிடுவோம். ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகள். உங்களில் பெரும்பாலோர் நான்காவதான பி2 படியில் இருப்பீர்கள், போக நினைப்பது அடுத்த படியான சி1. கேம்பிரிட்ஜ் தேர்வுகளை நடத்துகிறவர்கள் தரும் தோராயக் கணக்குப்படி, முதலிலிருந்து தொடங்கி பி2 வர 500 முதல் 600 மணி நேரப் பயிற்சி வேண்டும், சி1 வர 700 முதல் 800. ஆக, இடையில் சுமார் 200 மணி. நம் வகுப்பு வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணி, மொத்தம் 12 வாரம். கூட்டினால் 48 மணிதான் வருகிறது, கால் பங்குகூட இல்லை. வகுப்பு முடியும்போது சி1 வந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மீதி மணிகளை வகுப்புக்கு வெளியே எப்படி உழைப்பது என்ற பழக்கத்தை இந்தப் பன்னிரண்டு வாரத்தில் பிடித்துக்கொள்ளலாம். அதை உறுதியாகச் சொல்வேன்.

வருகைக்கு ஒரே விதி. 24 வகுப்பில் நான்குக்கு மேல் தவறவிடாதீர்கள். வரமுடியாத நாளில் முன்னாலேயே ஒரு வரி சொல்லிவிடுங்கள். தாமதமானால் கதவருகே நின்று மன்னிப்புக் கேட்க வேண்டாம், உள்ளே வந்து உட்காருங்கள். பேச்சு நடக்கும்போது அதைக் கலைக்காமல் இருந்தாலே போதும்.

இனி எழுத்து. அதிக உழைப்பு இங்கேதான். வாரம் ஒரு கட்டுரை, 250 சொல் அளவில். முதல் வரைவை நான் திருத்தித் தரமாட்டேன். பிழை இருக்கிற வரிக்கு நேராக ஓரத்தில் புள்ளி வைப்பேன். ஒரு வரியில் மூன்று புள்ளி இருந்தால் மூன்று பிழை. அவை எங்கே இருக்கின்றன, என்ன பிழை என்று நீங்கள்தான் தேட வேண்டும். முதல் மாதம் இது பலருக்கும் எரிச்சலாக இருக்கும். சிவப்பு மையால் எல்லாவற்றையும் எழுதித் தந்துவிடுவது எனக்கும் சுலபம். ஆனால் அப்படித் தந்த தாள்களை மாணவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவதைப் பல வருடம் பார்த்துவிட்டேன். அதே பிழை அடுத்த வாரமும் வரும். தானே தேடிப் பிடித்த பிழை அவ்வளவு சீக்கிரம் திரும்பி வருவதில்லை.

புள்ளிகளைப் பார்த்துத் திருத்தி எழுதிய இரண்டாம் வரைவைத்தான் மதிப்பிடுவேன். இரண்டாம் வரைவு வராதவரை அடுத்த கட்டுரையைக் கையில் வாங்கமாட்டேன். இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கூடவே ஒரு பிழை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். நான் எழுதியது, சரியானது, அப்புறம் அதே அமைப்பில் என் வாழ்க்கையிலிருந்து ஒரு புது வாக்கியம். மூன்றாவது பத்தியைக் காலியாக விட்டால் நோட்டு வைத்துப் பயனில்லை. எழுதியதை மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை திரும்பப் பாருங்கள். படித்தது முதல் நாளிலேயே வேகமாக மறக்கிறது என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன்னையே சோதித்து 1885-லேயே எழுதி வைத்துவிட்டார். அதற்கு ஏற்றபடிதான் இந்த இடைவெளி.

பேசும்போது குறுக்கிட மாட்டேன். தவறுகளைச் சிறு தாளில் குறித்து, நீங்கள் பேசி முடித்ததும் கையில் தருவேன். சொல்லழுத்தம் மாறி அர்த்தமே பிடிபடாமல் போனால் மட்டும் நிறுத்துவேன். தமிழில் அசைகளை ஏறக்குறைய சம அழுத்தத்தோடு சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆங்கிலத்தில் ‘ஃபோட்டோகிராஃப்’ முதல் அசையில் அழுந்தும், படம் எடுக்கிறவரைச் சொல்லும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போகும், ‘ஃபோட்டோகிராஃபிக்’ என்றால் மூன்றாவதுக்கு. சொல்லைக் கற்கும்போதே அழுத்தத்தையும் சேர்த்துக் கற்க வேண்டும்.

ஒருவர் ஒரே மூச்சில் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசக்கூடாது. பேச விருப்பமில்லாதவர் ஒரு வகுப்பில் ஒருமுறை ‘அடுத்தவர் பேசட்டும்’ என்று சொல்லிக்கொள்ளலாம், இரண்டாம் முறை முடியாது. சக மாணவர் பேசும்போது அவரைத் திருத்தாதீர்கள், அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். உச்சரிப்பைப் பார்த்துச் சிரிப்பதற்கு என் வகுப்பில் இடமே இல்லை. ஐம்பது வயதுக்காரரும் அவர் மகள் வயதில் இருப்பவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். வயதில் சிறியவர் முன்னால் தவறுவது எவ்வளவு கூச்சம் என்று எல்லோருக்கும் தெரியும். அதேபோல, பேச்சுப் பயிற்சியில் ஒருவர் தன் வீட்டைப் பற்றியோ மேலதிகாரியைப் பற்றியோ சொன்னால் அது அறையைத் தாண்டக்கூடாது.

தமிழ் பேசலாமா என்று எப்போதும் கேட்பார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் கடைசி இருபது நிமிடம் பேசலாம், பேசவும் வேண்டும். மற்ற நேரம் ஆங்கிலம் மட்டும். அந்த இருபது நிமிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. உதாரணத்துக்கு, ‘அவர் இந்நேரம் வந்திருக்க வேண்டும்’ என்கிறோம். வந்திருப்பார் என்று ஊகிக்கிறோமா, வரவேண்டியவர் வரவில்லையே என்று குறைப்படுகிறோமா? தமிழில் ஒரே வாக்கியம் இரண்டுக்கும் பொருந்தும், சொல்கிற தொனிதான் பிரித்துக் காட்டும். ஆங்கிலத்தில் முதலாவதுக்கு ‘மஸ்ட் ஹேவ்’, இரண்டாவதுக்கு ‘ஷுட் ஹேவ்’. இதைப் பார்க்காதவர், நம்பிக்கையோடு சொன்னதைக் குற்றச்சாட்டாக எழுதிவிடுவார். ‘த’ என்ற சொல்லும் அப்படித்தான். தமிழில் அதற்கு நேர்ச்சொல் கிடையாது. ‘ஷி வென்ட் டு ஸ்கூல்’ என்றால் படிக்கப் போனாள், ‘ஷி வென்ட் டு த ஸ்கூல்’ என்றால் வேறு வேலையாக அந்தப் பள்ளிக்குப் போனாள். இந்த ஒரு சொல்லை மட்டும் மூன்று வாரம் விடாமல் பார்ப்போம்.

மொழிபெயர்ப்புச் செயலி, கட்டுரை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு இரண்டையும் முதல் இரண்டு வரைவுகளில் தொடக்கூடாது. எழுதும்போது சொல் கிடைக்காமல் திணறுகிறீர்களே, அந்தத் திணறல்தான் எனக்கு வேண்டும். எதை இன்னும் கற்கவில்லை என்று அங்கேதான் தெரிகிறது. இரண்டாம் வரைவு முடிந்தபின் செயலியிடம் தாராளமாகக் காட்டுங்கள். அது எதையெல்லாம் மாற்றியது என்று குறித்து வந்து, ஏன் மாற்றியது என்று ஓரிரு இடத்திலாவது விளக்குங்கள். சில நேரம் அது தேவையில்லாமல் மாற்றியிருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சொல்கிற மாணவரைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வாரம் ஒரு நீண்ட கட்டுரை படியுங்கள். தலைப்பு உங்கள் விருப்பம். அபூர்வமான சொற்களைப் பட்டியல் போட வேண்டாம், ஏற்கெனவே தெரிந்த சொல் எதனோடு சேர்ந்து வருகிறது என்று குறியுங்கள். மழை என்றால் ‘ஹெவி’, காற்று என்றால் ‘ஸ்ட்ராங்’, முடிவு என்றால் ‘மேக்’. இந்தச் சேர்க்கைகள்தான் பி2வையும் சி1ஐயும் பிரிக்கின்றன என்பது என் அனுபவம்.

நானும் சில விஷயங்களுக்குக் கட்டுப்பட்டவள். தாள்கள் ஒரு வாரத்துக்குள் திரும்பி வரும். ஒரு கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்பேன், அடுத்த வகுப்பில் பதிலோடு வருவேன். ஆறாம் வாரம் ஒவ்வொருவரோடும் தனியாகப் பதினைந்து நிமிடம் பேசுவேன். வகுப்பு வேகமாகப் போகிறதா, மெதுவாகப் போகிறதா, எது பிடிக்கவில்லை என்று அங்கே தயங்காமல் சொல்லுங்கள்.

சரி, முதல் வகுப்புக்கு ஒரு வேலை. உங்கள் வேலையில் வெளியாட்களுக்குத் தெரியாத ஏதாவது ஒன்றைப் பற்றி, அகராதி பார்க்காமல், அரை மணி நேரத்துக்குள், கையால் ஒரு பக்கம் எழுதி வாருங்கள். மேலே தேதி போடுங்கள். அதில் நான் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டேன். அப்படியே உறையில் போட்டு ஒட்டி வைத்துவிட்டு, பன்னிரண்டாம் வாரம் உங்களிடமே திருப்பித் தருவேன். அன்றைக்குப் புள்ளி வைப்பது நீங்கள்.