மூளையின் காந்தப்புலத்தை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூளையின் காந்தப்புலத்தைத் தலைக்கு வெளியிலிருந்து அளக்கும் எம்.இ.ஜி. ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், பழைய ஆட்கள் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். செல்போனை வெளியே வை, நகையைக் கழற்று என்பதையெல்லாம் கையேடே சொல்லிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் எம்.ஆர்.ஐ., பிறகு எம்.இ.ஜி.

வரிசையை மாற்றுங்கள். எம்.ஆர்.ஐ. காந்தம் பல்லில் இருக்கும் உலோகத்தைக் காந்தமாக்கிவிடக்கூடும். அப்புறம் தாடை லேசாக அசைந்தாலும் பதிவு நாசம். மூளை தருவது அதிகபட்சம் சில நூறு ஃபெம்டோடெஸ்லா. பூமியின் காந்தப்புலம் அதைவிடப் பத்துக் கோடி மடங்கு பெரியது.

தலைப் புள்ளிகளை அவசரமாகக் குறிப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். மிக நுண்ணிய காந்தப்புலத்தை உணரும் ஸ்குவிட் சென்சார்கள் திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரியில், ஹெல்மெட்டுக்குள் நிலையாக இருக்கின்றன. தலை எங்கே இருக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியாது. தலையின் இடத்தைச் சென்சார்களுக்குக் காட்ட ஒட்டிய சுருள்கள், மூக்கின் மேல்முனை, காதுகளுக்கு முன்னால் உள்ள புள்ளிகள் ஆகியவற்றை, தொட்ட இடத்தை முப்பரிமாணத்தில் பதியும் டிஜிட்டைசர் பேனாவால் குறித்தால்தான் பதிவை எம்.ஆர்.ஐ. படத்தோடு பொருத்த முடியும்.

ஒரு மாணவரின் பதிவில், ஒலி கேட்டு 100 மில்லிசெகண்டில் வரும் துடிப்பு அழகாக இருந்தது. ஆனால் அது மூளையில் பிறந்ததாகக் கணக்கீடு காட்டிய இடம் செவிப்புலப் பகுதியை விட்டுக் கீழே இறங்கிக் கிடந்தது. கணக்கீட்டு முறையை மாற்றி மாற்றி வாரக்கணக்கில் மல்லுக்கட்டினார். கடைசியில் பார்த்தால், மூக்கையும் காதையும் குறித்த பிறகு, சுருள்களைத் தொடுவதற்கு முன், பேனாவின் இடத்தை அளக்க ஆதாரமாகத் தலையில் மாட்டும் குறிப்புக் கண்ணாடி நழுவியிருக்கிறது! தலைவடிவப் புள்ளிகள் நிறைய இருந்திருந்தால் அவற்றை வைத்தாவது மீட்டிருக்கலாம். அவரோ விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் எடுத்திருந்தார். சுருள்களையும் கழற்றியாகிவிட்டது, இனி என்ன செய்ய?

உலோகமில்லாத நாற்காலியில் உட்கார வையுங்கள். பேனா முடியில் நிற்காமல் தோலைத் தொட வேண்டும். மூக்குத்தண்டையும் சேர்த்து நூறு புள்ளிகளுக்கு மேல் எடுங்கள். முடித்ததும் மூக்கின் மேல்முனையை மறுபடி தொட்டுப் பாருங்கள். சில மில்லிமீட்டர் விலகியிருந்தால், முதலிலிருந்து.

வெற்று அறைப் பதிவை மறப்பது

அறையின், கருவியின் இரைச்சலை அறிய: அதே நாள், அதே அமைப்பு, ஆள் இல்லாமல் சில நிமிடம். சாக்கு வேண்டாம்.

வடிகட்டிய தரவை மூலக் கோப்பின் மேலேயே சேமிப்பது

கூடாது.

சிக்னல் இல்லையென்றால் செயல்பாடும் இல்லை என்று முடிவுகட்டுவது

மண்டையோட்டுக்குச் செங்குத்தாக ஓடும் மின்னோட்டத்தின் புலம் வெளியே அநேகமாகத் தெரியாது. அதனால் மூளை மடிப்புகளின் பக்கச்சுவர் நன்றாகத் தெரியும், உச்சி மங்கும். சந்தேகம் இருந்தால் கூடவே, மூளையின் மின்னழுத்தத்தை அளக்கும் இ.இ.ஜி.யும் எடுத்துவிடுங்கள், அதற்கு இந்தக் குறை இல்லை.