முதல் நாவலா? பாட்டனிடமிருந்து தொடங்காதீர்கள்

இலங்கையின் தேயிலை மலையகத்தில் இருக்கிற ஹட்டனில் ஒரு கடையின் மேல்மாடியில் மாதம் ஒரு ஞாயிறு ஏழெட்டுப் பேர் கூடுவோம். எழுதியதை வாசித்துக் காட்டி, இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி குடித்துவிட்டுக் கலைவோம். போன மாதம் பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஒரு தம்பி புதிதாக வந்திருந்தார். கையில் தடித்த சீ.ஆர். கொப்பி. நாவல் எழுதத் தயாராகிக்கொண்டிருக்கிறாராம். வாசியுங்கள் என்றோம். "1823ஆம் ஆண்டு. இராமநாதபுரத்துச் சீமையில் மழை பொய்த்திருந்தது" என்று ஆரம்பித்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அவர் முகம் சுருங்கிவிட்டது. "தம்பி, உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. என் வீட்டுத் தகரப் பெட்டியில் இதே வரி கிடக்கிறது" என்றேன். ஊரின் பெயர்கூட மாறவில்லை.

நான் பகலில் மருந்துக்கடையில் நின்று, இரவில் எழுதுகிறவன். ஒரு நாவல் அச்சில் வந்தது. அதற்கு முந்தியது அந்தப் பெட்டியிலேயே செத்தது. இங்கே எழுதுவது பெரும்பாலும் செத்ததைப் பற்றித்தான். எழுத்துப்பிழை பாருங்கள், நிறைய வாசியுங்கள், தினமும் எழுதுங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது, நான் வேறு சொல்ல வேண்டாம்.

தலைப்பைத் தேடிக்கொண்டிருப்பது

எழுதி முடித்துவிட்டுத் தேடுங்கள்.

பாட்டனுக்குப் பாட்டனிடமிருந்து தொடங்குவது

மலையகத்தில் முதல் நாவல் எழுத உட்காருகிற பத்துப் பேரில் ஏழு பேராவது இதைச் செய்கிறார்கள் என்று என் கண் சொல்கிறது. சொல்ல வந்த கதை ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரு லயத்தில், ஒரு குடும்பத்தில் நடந்திருக்கும். ஆனால் அதற்கு முன்னால் பாட்டன்மார் தமிழ்நாட்டிலிருந்து வந்து கம்பளைப் பக்கம் கோப்பி நட்டதைச் சொல்ல வேண்டும், மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்ததைச் சொல்ல வேண்டும், வழியில் செத்தவர்களைச் சொல்ல வேண்டும் என்று தோன்றும். அதற்குத் தகவல் சேர்க்க வேண்டும். சேர்ப்பதிலேயே வருடங்கள் போகும்.

எனக்கு நான்கு வருடம் போனது. மூன்று கொப்பி நிறையக் குறிப்பு, 140 பக்கம் எழுத்து. 1869இல் கோப்பிச் செடியில் துரு நோய் விழுந்ததற்கு மட்டும் 22 பக்கம் ஒதுக்கினேன். கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில்தான் ஆள் அதிகம் தேவை, அதனால் வந்தவர்களில் பலர் திரும்பிப் போனார்கள், தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும் என்பதால் குடும்பத்தோடு தங்க வைத்தார்கள் என்றெல்லாம் விளக்கமாக எழுதினேன். எல்லாம் உண்மைதான். ஆனால் 140ஆம் பக்கத்தில் இன்னும் 1900 பிறக்கவில்லை. என் கதாநாயகன் 1971இல் பிறக்க வேண்டியவன்.

இந்தப் புத்தி எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறேன். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கேயே பிறந்தவனிடமும் உன் தகப்பன் இந்த நாட்டில் பிறந்தானா என்று கேட்டது. இல்லையென்றால் தகப்பனைப் பெற்ற பாட்டனும், அவரைப் பெற்ற பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. பிறப்புப் பத்திரமே இல்லாத லயங்களில் போய் அதைக் கேட்டார்கள். அன்றிலிருந்து வாயைத் திறந்தால் பாட்டனை முன்னால் நிறுத்திவிட்டுத்தான் நாம் பேசுகிறோம். நாவலையும் அதே பயத்தில், ஒரு பிரஜாவுரிமை விண்ணப்பம் மாதிரி நிரப்புகிறோம். வாசகர் நம்மிடம் பத்திரம் கேட்கவில்லை. முதல் பக்கத்தில் யாராவது ஒரு ஆள் எதையாவது செய்துகொண்டிருந்தால் அவருக்குப் போதும்.

சரி, நான்கு வருடம் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். எனக்கு இன்றைக்கும் எரிச்சலாக இருப்பது வேறு ஒன்று.

1994இல் பக்கத்துத் தோட்டத்து நண்பரிடம் டேப் ரெக்கார்டர் இரவல் வாங்கி, 90 நிமிட கெசட் ஒன்றும் வாங்கி, என் அம்மாவைப் பெற்ற அம்மாயியின் முன்னால் வைத்தேன். வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். எண்பதை நெருங்கிய வயது. நான் கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். உங்கள் அப்பா எந்த வருடம் வந்தார்? எந்தக் கங்காணியோடு வந்தார்? பஞ்சம் எந்த வருடம்?

"வருசமெல்லாம் யாருக்கய்யா ஞாபகம்? பஞ்சம் வந்தது வெள்ளாடு வாங்குறதுக்கு முந்தி" என்றார்.

பஞ்சம் 1973, 74 என்று எனக்கே தெரியும். அம்மாயி வாயால் அது வர வேண்டும் என்று நான் காத்திருந்தேன். அவர் ஆட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். என் சின்னம்மா குடும்பம் இந்தியாவுக்குப் போகப் பத்திரம் வந்ததும், சட்டி பானையோடு ஆட்டையும் விற்றிருக்கிறார்கள். அது வாங்கியவன் வீட்டில் கட்டுக் கயிற்றை அறுத்துக்கொண்டு, பூட்டிக் கிடந்த அவர்களுடைய காம்பரா வாசலில் வந்து நிற்குமாம். வாங்கியவன் வந்து இழுத்துப் போவான், மறுநாள் விடியற்காலம் வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்குப் போகிறவர்கள் பார்த்தால் ஆடு திரும்ப வாசலில் நிற்கும்.

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? கெசட் வீணாகிறதே என்று நிறுத்தும் பொத்தானை அமுக்கினேன். அம்மாயி சொல்லி முடிக்கட்டும், அப்புறம் அடுத்த கேள்வியைக் கேட்கலாம் என்று கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இப்படி அன்றைக்கு எத்தனை தடவை அமுக்கினேனோ. 1996இல் அவர் போய்விட்டார்.

அந்த கெசட் இன்னும் இருக்கிறது. அதில் பெரும்பாலும் கேட்பது என் குரல்தான். நடுநடுவே அம்மாயியின் "ஆமா", "தெரியாதுய்யா", ஒரு இருமல். அவர் ஒன்றிரண்டு வருடங்கள் சொல்கிறார், அவையும் பிழை. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தப்படி இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டிய 525,000 பேர் என்ற கணக்கு என் கொப்பியில் மூன்று இடத்தில் சிவப்பு மையில் அடிக்கோடிட்டுக் கிடக்கிறது. அந்த எண் எந்த நூலகத்திலும் கிடைக்கும். ஆடு கடைசியில் என்ன ஆனது என்பது எங்கேயும் கிடைக்காது. எங்கள் வீட்டில் அதை அறிந்த கடைசி ஆள் அம்மாயி. அவர் சொன்ன நேரத்தில் நான் காது கொடுக்கவில்லை.

நான் எழுத வேண்டியிருந்த நாவலே அதுதான் என்று புரிய இன்னும் ஏழு வருடம் ஆனது. இந்தியாவுக்குப் போகிறவர்களின் ரயிலை அழுகைக் கோச்சி என்போம்; ஹட்டன் ஸ்டேசனில் அதில் ஏறப் போன ஒரு குடும்பம், தலைமன்னாரில் கப்பல், இங்கே வாசலில் ஒரு ஆடு. அவ்வளவு போதும். இராமநாதபுரத்து மழை தேவையே இல்லை.

ஆகையால் தகவல் சேர்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: வருடம் கேட்காதீர்கள். அன்றைக்கு என்ன சமைத்தீர்கள், பீலிக்கரையில் யார் முதலில் தண்ணீர் பிடிப்பார்கள், அரை நாள் கூலியாக அரைப்பேர் விழுந்த அன்று வீட்டில் என்ன சொன்னீர்கள் என்று கேளுங்கள். பேச்சு எங்கே திரும்பினாலும் கூடவே போங்கள். இப்போது போனிலேயே மணிக்கணக்கில் பதியலாம், அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். ஆண்டுக் கணக்கை அப்புறம் ஒரு தாளில் போட்டுக்கொள்ளலாம். இடப்பக்கம் வருடம், வலப்பக்கம் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அந்த வருடத்தில் என்ன வயது. ஒரு நாவலுக்கு அந்த ஒரு தாள் போதும். எழுதும்போது சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு மேலே போங்கள். புள்ளிகளை எல்லாம் முடிந்த பிறகு ஒரே தடவையாகப் பார்க்கலாம்.

அந்தத் தம்பியிடம் உங்கள் கதை உண்மையில் எங்கே நடக்கிறது என்று கேட்டேன். 2009இல், ஒரு கடையில், தீபாவளிக்கு முந்திய வாரம் என்றார். இடையில் 186 வருடம்!

எல்லா மலையிலும் ஒரே மழையைப் பெய்ய வைப்பது

இது சின்னத் தவறு மாதிரி தெரியும். ஆனால் நம் ஆட்கள் சட்டென்று பிடித்துவிடுவார்கள். மே தொடங்கி செப்டெம்பர் வரை மஸ்கெலியா, ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் மழை அடித்து ஊற்றும். அதே மாதங்களில் ஹப்புத்தளை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் வறண்ட காற்று. அங்கே மழை ஐப்பசியிலிருந்துதான் வலுக்கும். பதுளைப் பக்கத்து ஊவாத் தேயிலைக்கு நல்ல மணம் சேர்வது ஜூலை முதல் செப்டெம்பர் வரை, ஹட்டன் பக்கத்துத் திம்புளையில் அது ஜனவரி முதல் மார்ச். ஆடி மாதம் பண்டாரவளையில் வெள்ளம் வந்து வீடு இடிந்தது என்று எழுதியவரிடம் ஒருமுறை மெதுவாகச் சொன்னேன். "கற்பனைதானே அண்ணன்" என்றார். கற்பனைதான், ஆனால் பண்டாரவளை நிஜமாக இருக்கிறதே.

இன்னொருவர் 1955இல் கதாநாயகியை மஸ்கெலியா நீர்த்தேக்கக் கரையில் உட்கார வைத்திருந்தார். அந்தத் தண்ணீரைத் தேக்கிய மவுசாக்கலை அணை கட்டி முடிந்தது 1969இல். 1955இல் அந்த இடத்தில் பழைய மஸ்கெலியா டவுன் இருந்தது. இன்றைக்கும் கடும் வறட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் தலை காட்டும். அவர் தப்பாக வைத்த இடத்திலேயே எவ்வளவு நல்ல கதை முழுகிக் கிடந்தது பாருங்கள். அதே போல பதுளைக்குக் கோச்சி போனது 1924இல்தான். அதற்கு முந்தி வழியிலேயே இறங்க வேண்டும்.

தெரிந்த ஊரை எழுதினால் இந்தத் தொல்லையில் பாதி இல்லை.

வாசகருக்குப் பாடம் எடுப்பது

சென்னையில் வாசிப்பார்கள், யாழ்ப்பாணத்தில் வாசிப்பார்கள் என்ற நினைப்பில் பிரட்டு, கொந்தரப்பு, கவ்வாத்து என்று ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்திலேயே பொருள் எழுதி வைக்கிறார்கள். விடியாத இருட்டில் தப்புச் சத்தம் கேட்டு, படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டே, பேர் போட்டு முடித்துவிடுவார்களோ என்று மூச்சிறைக்க ஓடுகிற ஒருத்தியைக் காட்டுங்கள். பிரட்டு என்னவென்று சென்னைக்காரருக்கும் புரியும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. கதை சொல்லும் பகுதியில் தோட்டத்து மணம் வீசும், பேச்சு வந்ததும் எல்லோரும் ரேடியோ செய்தி வாசிப்பார்கள். கொழுந்து மலையில் ஒரு அம்மா "இன்று நான் மிகவும் களைத்துவிட்டேன்" என்கிறார். என் முதல் கொப்பியில் ஒரு கங்காணி "ஆகவே" என்று சொல்லியிருக்கிறார். ஹட்டன் பஸ்ஸில் ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருங்கள், பாதி சரியாகிவிடும்.

கதையைச் சொல்லித் தீர்ப்பது

தேத்தண்ணிக் கடையில் பத்துப் பேரிடம் முழுக் கதையையும் சொன்னவர்களில் அதை எழுதியவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

நேரத்துக்குக் காத்திருப்பது

லீவு கிடைக்கட்டும், பிள்ளையின் பரீட்சை முடியட்டும் என்பார்கள். கொப்பியில் ஒரு பக்கத்துக்கு என் கையெழுத்தில் ஏறக்குறைய 200 சொல் வரும். நாளுக்கு ஒரு பக்கம் என்றால் 250 நாளில் 50,000 சொல், ஒரு நாவல். வருடத்தில் மீதி 115 நாளைக் காய்ச்சலுக்கும் கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாமினியில் அடிப்பது

பாமினி என்ற பழைய எழுத்துருவில் இன்னமும் சிலர் அடிக்கிறார்கள். வேறு கணினியில் திறந்தால் அந்த எழுத்துரு இல்லாமல் நாவல் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கிடக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் எல்லாம் அழிந்துவிட்டது என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. மாற்றிக் கொடுத்தோம், பிழை திருத்த ஒரு மாதம் ஆனது. முதலிலிருந்தே யுனிகோடு. போனில் அடித்தாலும் சரி, வாரம் ஒருமுறை உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி அனுப்பிக்கொள்ளுங்கள்.

வேலையை விடுவது

வேண்டாம்.

அணிந்துரைக்கு ஆள் தேடுவது

போன மாதம் வந்த தம்பி, போகும்போது படியில் நின்று இதைத்தான் கேட்டார். எந்தப் பேராசிரியரிடம் வாங்கலாம் என்று. நாவல் எத்தனை பக்கம் ஆகியிருக்கிறது என்றேன். இரண்டு என்றார்.