வள்ளி: ஒரு பெயரும் அதைச் சுற்றிய தவறுகளும்

தங்கை மகளுக்கு வள்ளி என்று பெயர் வைத்தோம். பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்தபோது அதில் 'வல்லி' என்று இருந்தது. விண்ணப்பத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைப் பார்த்து யாரோ தமிழில் தட்டியிருக்கிறார்கள். "ஒரு எழுத்துதானே, விடுங்க மச்சான்" என்றார் தங்கையின் கணவர். விட முடியுமா? அந்த ஒரு எழுத்தில்தான் அந்தப் பெயரே இருக்கிறது.

வல்லி என்பது வடசொல். பொதுவாகக் கொடி என்று பொருள். அமுதவல்லி, கனகவல்லி, கோமளவல்லி எல்லாம் அந்த வகை. வள்ளியும் கொடிதான், ஆனால் ஏதோ ஒரு கொடி இல்லை; மலையில் படர்ந்து மண்ணுக்குள் கிழங்கு விடுகிற கொடி. பாரியின் பறம்பு மலையைப் பாடும் கபிலர், உழவர் உழாமலே விளையும் பொருள்கள் நான்கு என்று அடுக்குகிறார். மூங்கில் நெல், பலாப்பழம், தேன், இவற்றோடு 'கொழுங்கொடி வள்ளிக் கிழங்கு'. புறநானூறு 109ஆம் பாட்டு. ஆக, இந்தப் பெயரில் கொடியின் நளினத்தோடு வயிற்றுக்குச் சோறும் சேர்ந்தே இருக்கிறது. லகரம் போட்டால் கொடி மிஞ்சும், கிழங்கு போய்விடும்.

வேடிக்கை என்னவென்றால் புராணக் கதைக்குள்ளேயே இரண்டு எழுத்தும் வருகின்றன. கச்சியப்பரின் கந்தபுராணத்தில் திருமாலின் மகள்கள் இருவர், அமுதவல்லி, சுந்தரவல்லி. சுந்தரவல்லிதான் மறுபிறப்பில் வள்ளி ஆகிறாள். சிவமுனிவர் பார்வையில் ஒரு மான் கருவுற்று, வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் குழந்தையை ஈன்றுவிட்டுப் போகிறது. குறவர் தலைவன் நம்பி அதை எடுத்து வளர்க்கிறான். கிழங்குக் குழியில் கிடைத்ததால் வள்ளி. ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த வேறுபாடு தெரியாது. தெலுங்கிலோ முருகனின் தேவியே லகரத்தில்தான் இருக்கிறாள். சில வருடங்களுக்கு முன் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்த தெலுங்குப் பாட்டில் வந்த ஸ்ரீவல்லியும் அப்படித்தான். அதைக் கேட்டுப் பெயர் வைப்பவர்கள் எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. எதை வைத்தாலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள். பிறப்பைப் பதிந்துவிட்டால், பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அவசரப்பட்டுத் தவறாகப் பதிந்துவிட்டு அப்புறம் அலைவதைவிடச் சில வாரம் பொறுப்பது மேல்.

கிழங்கைப் பற்றியும் ஒரு குழப்பம். வள்ளி பிறந்த குழி என்றதும் பலருக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்குதான் மனதில் வருகிறது. ஆனால் சர்க்கரைவள்ளி, மரவள்ளி இரண்டுமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். கொலம்பஸ் பயணத்துக்குப் பிறகு, ஐரோப்பியக் கப்பல்கள் வந்த காலத்தில் இங்கே வந்தவை. கபிலர் பார்த்தது நம் காட்டிலேயே விளைந்த வேறொரு கிழங்கு. புதிதாக வந்த கிழங்குகளுக்கு நம் ஆட்கள் பழைய பெயரைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பொங்கலுக்கு அவித்த கிழங்கைக் காட்டிக் குழந்தைக்கு 'உன் பேர் இதிலிருந்து வந்தது' என்று சொன்னால் கதை தலைகீழாகிவிடும்.

'வள்ளல்' என்பதிலிருந்து வந்தது, அள்ளித் தருபவள் என்று பொருள் என எழுதுபவர்களும் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. கந்தபுராணம் சொல்லும் காரணம் அதுவல்ல. தொல்காப்பியத்தில் 'கொடிநிலை, கந்தழி, வள்ளி' என்று வருகிற வள்ளிக்கு நச்சினார்க்கினியர் சந்திரன் என்று உரை சொல்கிறார். அதே நூலில் 'வாடா வள்ளி' என்றொரு தொடரும் உண்டு. அது ஒரு கூத்தின் பெயர். வாடுகிற வள்ளி செடி, வாடாத வள்ளி கூத்து! பெயருக்கு அர்த்தம் தேடுபவர்கள் வள்ளலை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொள்ளலாம்.

பெரியவர்களே செய்கிற ஒரு தவறு, வள்ளியை 'இரண்டாம் தாரம்' என்று ஒதுக்கிப் பேசுவது. திருமண வரிசைப்படி புராணத்தில் தெய்வயானை முந்தியவள் என்பது சரி. ஆனால் முருகனோடு வள்ளியைச் சேர்த்துப் பேசுவது சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. நற்றிணை 82இல் ஒருவன் தன் காதலியை 'முருகு புணர்ந்து இயன்ற வள்ளி போல' என்கிறான். முருகனோடு கூடி நடந்த வள்ளியைப் போல நீ இருக்கிறாய், உன் அழகு கண்ணைப் பறிக்கிறது என்று. திருமுருகாற்றுப்படை அவளைக் 'குறவர் மடமகள்' என்றே சொல்கிறது; அங்கே மானும் இல்லை, முனிவரும் இல்லை. எனக்கு அந்த வள்ளியைத்தான் பிடிக்கும்.

இரட்டைப் பெண்கள் பிறந்தால் வள்ளி, தேவயானி என்று வைக்கிறார்கள். தேவயானி வேறு ஆள். சுக்கிராச்சாரியார் மகள், யயாதியின் மனைவி, மகாபாரதக் கதை. முருகனின் தேவி தேவசேனை. தமிழில் தெய்வயானை, பேச்சில் தெய்வானை. தேவயானி அழகான பெயர்தான், ஆனால் ஜோடி பொருந்தாது.

பழைய பெயர், இப்போது யார் வைக்கிறார்கள் என்பது அடுத்த பேச்சு. தனியாக 'வள்ளி' என்று பள்ளி வருகைப் பதிவேட்டில் பார்ப்பது குறைந்திருக்கிறது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் கொங்கு நாட்டில் வள்ளி கும்மி பெரிய மைதானங்களில் ஆடப்படுகிறது. சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் திருவிழாவில் இன்றும் விடிய விடிய நடக்கிறது. நாரதரும் வள்ளியும் மோதும் தர்க்கத்துக்காகவே தூங்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. செட்டிநாட்டில் பாட்டி பெயரைப் பேத்திக்கு வைக்கும் வழக்கத்தால் வள்ளியம்மை தொடர்ந்து வந்துகொண்டே இருக்கிறாள். ஆண் பிள்ளைக்கு அதுவே வள்ளியப்பன். கடல் தாண்டியும் போன பெயர் இது. தென்னாப்பிரிக்காவில் 1898இல் பிறந்து, அங்கே அறப்போரில் சிறை சென்று, 1914இல் 16 வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இங்கேயும் ஒரு நடைமுறைத் தவறு: சான்றிதழில் வள்ளியம்மை, பள்ளியில் வள்ளி என்று இரண்டு விதமாக எழுதுவது. கூப்பிடுவது எப்படியும் இருக்கட்டும், காகிதத்தில் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

வள்ளியின் ஊர் எது என்று சண்டை போடுவதையும் விட்டுவிடலாம். காட்பாடி பக்கம் வள்ளிமலை, குமரி மாவட்டத்தில் வேளிமலை என்று உரிமை கொண்டாடும் இடங்கள் பல. இலங்கையில் கதிர்காமம் இருக்கிறது. அங்கே வேடர்கள் வள்ளியைத் தங்கள் குலப் பெண் என்கிறார்கள். திருவிழா இரவுகளில் முருகனாகவே கருதப்படும் பேழை யானை மேல் ஏறி, முருகன் கோயிலிலிருந்து வள்ளியம்மன் கோயிலுக்குப் போகிறது. அங்கே அவர்தான் அவளைத் தேடிப் போகிறார்.

எங்கள் வீட்டுச் சான்றிதழ் திருத்த மூன்று நடை ஆனது. மூன்றாவது தடவை கவுன்ட்டரில் இருந்த அம்மா எழுத்தைப் பார்த்துவிட்டு, "எங்க பாட்டி பேரும் இதுதாங்க" என்று சொல்லி, அழுத்தமாக ளகரம் போட்டுக் கொடுத்தார்.