ஸ்லீப்பில் போட்ட சிஸ்டம் தானாக எழுகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வரும் பையன்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. "ராத்திரி ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் போனேன், காலையில் வந்து பார்த்தால் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது" என்று வாடிக்கையாளர் சொல்லி முடிப்பதற்குள் கை மவுஸுக்குப் போய்விடும். எதை மாற்றலாம் என்றுதான் தேடுவார்கள். எது எழுப்பியது என்று கேட்கவே மாட்டார்கள். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் எங்கள் கடையில் நடந்த அதே கூத்து இன்றும் அச்சு மாறாமல் நடக்கிறது. கீபோர்டு மேல் பூனை ஏறியது, ஷட் டவுனுக்குப் பதில் ஸ்லீப்பை அழுத்தியது போன்ற சில்லறை விஷயங்களை விட்டுவிடுகிறேன். கீழே உள்ளதெல்லாம் விண்டோஸ் 10, 11 சிஸ்டங்களுக்கு.

காலையில் நாமே எழுப்பிவிட்டு, யார் எழுப்பியது என்று கேட்பது

பவர்சிஎஃப்ஜி என்று ஒரு கட்டளை இருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்டில் அதோடு லாஸ்ட்வேக் சேர்த்து அடித்தால், சிஸ்டத்தைக் கடைசியாக எழுப்பியது எது என்று காட்டும். கடைசியாக மட்டும். ராத்திரி ஒன்றரை மணிக்கு ஏதோ எழுப்பியிருக்கும். ஆள் இல்லை என்று தெரிந்து சிஸ்டம் இரண்டே நிமிடத்தில் மறுபடி தூங்கியிருக்கும். தானாக எழுந்தால் விண்டோஸ் இயல்பாகக் காத்திருக்கும் நேரம் அவ்வளவுதான். காலையில் நீங்கள் பட்டனைத் தட்டி எழுப்பிவிட்டு லாஸ்ட்வேக் கேட்டால், "பவர் பட்டன்" என்று பதில் வரும். உடனே பட்டன் கெட்டுவிட்டது என்று கேபினெட்டைக் கழற்றுகிறவர்கள் உண்டு.

பார்க்க வேண்டிய இடம் ஈவென்ட் வியூவர். விண்டோஸ் லாக்ஸில் சிஸ்டம் என்ற பகுதிக்குப் போய், பவர் ட்ரபிள்ஷூட்டர் எழுதிய பதிவுகளைத் தேடுங்கள். ஐடி எண் 1. எப்போது தூங்கியது, எப்போது எழுந்தது, எழுப்பியது எது என்று மூன்றும் அதில் இருக்கும். அந்தப் பதிவுக்குள் இருக்கும் நேரம் நம் ஊர் நேரம் இல்லை. கடைசியில் இசட் என்ற எழுத்து இருக்கும், அதாவது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். இதைக் கவனிக்காத ஒருவர், இரவு 8 மணிக்கு ஆபீஸில் யார் இருந்தது என்று வாட்ச்மேனை விசாரிக்கப் போய்விட்டார். பதிவில் 20:00 என்றிருந்தால் இங்கே அது ராத்திரி ஒன்றரை.

இன்னொன்று. எழுப்பியது யார் என்பது ஒரு கேள்வி, எழுந்த பிறகு தூங்க விடாமல் வைத்திருப்பது யார் என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு பவர்சிஎஃப்ஜி ரிக்வெஸ்ட்ஸ். அதற்கு அட்மினாகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்ட் வேண்டும். சிஸ்டம் அப்படி விழித்துக்கொண்டிருக்கும்போதே பார்க்கவும் வேண்டும்.

ஃபார்மட் அடிப்பது

இதைப் பற்றிப் பேசினாலே எனக்கு எரிச்சல் வரும். "அண்ணே, ஒருதடவை ஃபார்மட் அடிச்சுவிட்டா எல்லாம் சரியாயிடும்." எத்தனை கடைகளில் எத்தனை பேர் வாயில் இதைக் கேட்டாயிற்று.

ஒரு ஆடிட்டர் ஆபீஸ். மெயின் சிஸ்டத்தில் இருக்கும் ஃபோல்டரை மற்ற சிஸ்டங்களில் இருப்பவர்களும் பயன்படுத்துவார்கள். அந்த மெயின் சிஸ்டம் தினமும் ராத்திரி எழுந்துகொள்கிறது என்று வேறொரு கடையிலிருந்து ஒரு பையனை வரவழைத்திருக்கிறார்கள். வந்த வேகத்தில் அவன் விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிட்டான். "டி டிரைவைத் தொடலை சார், டேட்டா எல்லாம் பத்திரம்" என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். டி டிரைவ் பத்திரம்தான். ஆனால் அந்த ஆபீஸில் யாரும் டி டிரைவில் வைத்து வேலை செய்வதில்லை. நடப்பு வேலை முழுக்க டெஸ்க்டாப்பில். டெஸ்க்டாப் என்பது திரையில் தெரியும் ஏதோ தனி இடம் என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். அது சி டிரைவுக்குள் இருக்கும் ஒரு ஃபோல்டர் என்பது வாடிக்கையாளருக்குத் தெரியாமல் போகலாம், ஃபார்மட் அடிக்க வந்தவனுக்குத் தெரியாமல் போகலாமா? டவுன்லோட்ஸ் போச்சு. அவுட்லுக்கின் பழைய மெயில் ஃபைல் போச்சு. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவர், டிடிஎஸ் ரிட்டர்ன் போடும் மென்பொருள், பிரிண்டர், ஸ்கேனர் என்று ஒவ்வொன்றாக மறுபடி போட வேண்டியதாயிற்று. அதுவும் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய நேரத்தில்.

சரி, இவ்வளவுக்கும் பலன்? சிஸ்டம் மறுபடி ராத்திரியில் எழுந்தது.

எழாமல் என்ன செய்யும்? புது விண்டோஸ் போட்டதும் நெட்வொர்க் கார்டுக்கு அதே டிரைவர் தானாக ஏறும், அதே இயல்பு அமைப்புகளோடு. "வேக் ஆன் பேட்டர்ன் மேட்ச்" என்று அதில் ஒன்று இருக்கும். அது ஆனாக இருந்தால், நெட்வொர்க்கில் வேறு ஒரு சிஸ்டம் இதைப் பெயர் சொல்லித் தேடினாலோ இணைப்புக் கேட்டாலோ கார்டு எழுப்பிவிடும். அந்த ஆபீஸில் அடுத்த மேசை சிஸ்டம் ஆஃப் ஆவதே இல்லை. அதில் ராத்திரி ஒன்றரைக்கு ஒரு பேக்கப் வேலை அமைத்திருந்தார்கள். அது மெயின் சிஸ்டத்தின் ஷேர் ஃபோல்டரைத் திறக்கப் பார்க்கும், இது எழுந்துகொள்ளும். ஃபைல்கள் நெட்வொர்க் வழியாகத் திறந்திருக்கும் வரை தூங்கவும் முடியாது. பையன் புது விண்டோஸிலும் பழைய பெயரையே வைத்து, ஃபோல்டரையும் பழையபடியே ஷேர் செய்து கொடுத்திருந்தான். அதில் அவனைக் குறை சொல்ல முடியாது, அப்படித்தான் கொடுக்க வேண்டும்.

அதைவிடக் கொடுமை, பழைய ஈவென்ட் பதிவுகள் அத்தனையும் சி டிரைவில்தான் இருந்தன. எத்தனையோ ராத்திரிகளின் நேரம், எழுப்பிய கார்டின் பெயர், எல்லாம் அதில் வரிசையாக எழுதியிருந்திருக்கும். ஃபார்மட்டில் அதுவும் போனதால், மறுபடி எழும் வரை காத்திருந்துதான் பார்க்க முடிந்தது. சரிசெய்த வேலை என்னவோ சின்னதுதான். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் மேஜிக் பாக்கெட் வந்தால் மட்டும் எழுப்பு என்ற டிக்கைப் போட்டோம். மேஜிக் பாக்கெட் என்பது எழுப்புவதற்கென்றே நெட்வொர்க்கில் அனுப்பும் சிக்னல், தற்செயலாக வந்துவிடாது. அதில் முதலில் எஃப்எஃப் என்ற பைட் ஆறு முறை, அப்புறம் அந்தக் கார்டின் ஆறு பைட் முகவரி 16 முறை, ஆக 102 பைட் அதே வரிசையில் வர வேண்டும். பேக்கப் நேரத்தை மதியச் சாப்பாட்டு வேளைக்கு மாற்றினோம். இல்லாவிட்டால் அன்றிலிருந்து பேக்கப்பே நடந்திருக்காது.

எல்லா டிக்கையும் எடுத்துவிடுவது

எது எழுப்புகிறது என்று தெரியாதபோது, எழுப்பக்கூடிய எல்லாவற்றையும் முடக்கிவிடுவது. கீபோர்டையும் சேர்த்து. மறுநாள் வாடிக்கையாளர் கீபோர்டைத் தட்டுவார், மவுஸை ஆட்டுவார், திரை வராது. தொங்கிவிட்டது என்று பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பார். லேசாகத் தட்டியிருந்தால் எழுந்திருக்கும். நான்கைந்து விநாடி பிடித்தால் மின்சாரமே துண்டாகும். சேமிக்காத வேலை அத்தோடு போகும். எழுப்ப அனுமதி பெற்ற சாதனங்களின் பட்டியலை பவர்சிஎஃப்ஜி, டிவைஸ்கொயரி, வேக் ஆர்ம்டு என்று கேட்டு வாங்கலாம். அதில் குற்றவாளியை மட்டும் நீக்குங்கள்.

கண்ணாடி மேசையில் ஆப்டிகல் மவுஸ்

யாரும் தொடாமலே மவுஸ் அசைந்ததாக நினைத்து சிஸ்டத்தை எழுப்பிவிடும். மவுஸ் பேட் போடுங்கள்.

வேக் டைமரைப் பாதி மாற்றுவது

எழுப்பியது "டைமர்" என்று பதிவில் இருந்தால், பவர் ஆப்ஷன்ஸில் ஸ்லீப் என்பதன் கீழ் வேக் டைமர், அதாவது குறித்த நேரத்தில் எழுப்பும் டைமருக்கான அமைப்பு இருக்கிறது. லேப்டாப்பில் பேட்டரிக்கு ஒன்று, சார்ஜருக்கு ஒன்று என இரண்டு வரி. பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு, சார்ஜரில் கிடக்கும் லேப்டாப் ஏன் எழுகிறது என்று கேட்பார்கள். "முக்கியமான டைமர் மட்டும்" என்ற நடுத்தர வழியைத் தேர்ந்தெடுத்தாலும், அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் ஆக எழுவது நிற்காது. ராத்திரியில் நீங்களே வைத்த பேக்கப் அல்லது ஸ்கேன் இருந்தால், டைமரை முடக்கும்போது அதுவும் நிற்கும் என்பதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு முடக்குங்கள்.

விண்டோஸ் அப்டேட் சர்வீஸையே நிறுத்துவது

வேண்டாம்.

புது லேப்டாப்பையும் இதே கணக்கில் சேர்ப்பது

"பைக்குள் வைத்தேன், எடுத்தால் சுடுகிறது." இது எழுந்த கதையே இல்லாமல் இருக்கலாம். பவர்சிஎஃப்ஜியோடு ஏ என்ற எழுத்தைச் சேர்த்து அடித்தால், அந்த லேப்டாப்பில் என்னென்ன தூக்க நிலைகள் உண்டு என்று காட்டும். பழைய பாணித் தூக்கமான எஸ்3 இல்லாமல் எஸ்0 மட்டும் இருந்தால் அது மாடர்ன் ஸ்டாண்ட்பை. போன் மாதிரி, திரை அணைந்தாலும் உள்ளே நெட்வொர்க்கும் சில வேலைகளும் அவ்வப்போது நடக்கும். இங்கே, தூக்கத்தின்போது எது வேலை செய்தது என்று காட்டும் ஸ்லீப் ஸ்டடி அறிக்கையைத்தான் பவர்சிஎஃப்ஜி மூலம் எடுத்துப் பார்க்க வேண்டும். யூடியூபில் பார்த்து ரெஜிஸ்ட்ரியில் கை வைத்து எஸ்3-ஐ வரவழைக்கிறேன் என்று இறங்காதீர்கள். பயாஸிலேயே எஸ்3 இல்லாத மாடலில் அப்படிச் செய்தால், இருந்த ஸ்லீப்பும் காணாமல் போகும். பைக்குள் போகிற லேப்டாப்பில் மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி, அதாவது மெமரியில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு அணையும்படி வைத்துக் கொடுங்கள்.

கரண்ட் வந்து ஆன் ஆனதை, எழுந்தது என்று நினைப்பது

ஸ்லீப்பில் இருக்கும்போது கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டால் மெமரியில் இருந்தது போய்விடும். கரண்ட் திரும்பியதும் சில சிஸ்டங்கள் தானாக ஆன் ஆகும். பயாஸில் கரண்ட் திரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு "ஆன்" என்றோ "பழைய நிலை" என்றோ இருக்கும். பதிவில் கெர்னல் பவர், ஐடி 41 என்று இருந்தால், சிஸ்டம் முறையாக ஷட் டவுன் ஆகவில்லை என்று அர்த்தம், இந்த வகையாக இருக்கலாம். அப்படியானால் டிவைஸ் மேனேஜரில் தேடிப் பயனில்லை. பயாஸ் அமைப்பையும் யுபிஎஸ் பேட்டரியையும் பாருங்கள்.

"அன்நோன்" என்றதும் வைரஸ் என்பது

எழுப்பியது அன்நோன் என்று பதிவு சொன்னால், சாதனம் தன் பெயரை விண்டோஸுக்குச் சொல்லவில்லை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பியில் தொங்குவதை ஒவ்வொரு ராத்திரிக்கு ஒன்றாகக் கழற்றிப் பாருங்கள். வயர்லெஸ் மவுஸின் ரிசீவரிலிருந்து தொடங்கலாம். அப்புறம் நெட்வொர்க் கேபிள். முழுதாக ஷட் டவுன் செய்த பிறகும் தினமும் ஒரே நேரத்தில் ஆன் ஆகிறது என்றால் பயாஸில் ஆர்டிசி அலாரத்தை, அதாவது குறித்த நேரத்தில் சிஸ்டத்தை ஆன் செய்யும் அமைப்பை, யாராவது போட்டு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆபீஸ் சிஸ்டங்களில் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.