பழைய கல்குலேட்டரின் பட்டனில் கைவைக்கும் முன்

மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்று தொடாத பொருள் வீட்டில் இல்லை. மாரி மழை தொடங்கினால், மேசை லாச்சியில் கிடக்கும் பழைய கல்குலேட்டரில் பட்டன்தான் முதலில் சண்டித்தனம் பண்ணும். அப்போது நாம் விடும் பெரிய பிழை, எல்லாப் பட்டனும் ஒன்று என்று நினைத்துத் துடைக்கத் தொடங்குவது.

1972இல் 395 டொலருக்கு வந்த, ஹியூலற்-பக்கார்ட் (எச்பி) கம்பனியின் எச்பி-35 கல்குலேட்டரைப் பாருங்கள். 35 விசைகள் இருந்ததால்தான் அந்தப் பெயர். விசைக்கு அடியில் வளைந்த மெல்லிய உலோகப் பட்டை. ரின் மூடியின் நடுவை அமுக்கினால் ‘டக்’ என்று உள்வாங்குமே, அதே மாதிரி. இலக்கம் பதிந்தது என்று கண் பார்க்கும் முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். விசையில் பதிந்த எழுத்தும் மை அல்ல. ஒரு நிறப் பிளாஸ்டிக்கோடு இன்னொரு நிறத்தைச் சேர்த்து வார்த்தது. மேல்பக்கம் தேய்ந்தாலும் எழுத்து அழியாது. எத்தனை அழகான வேலை!

பின்னால் வந்த மலிவு ரகங்கள் பலவற்றில் எழுத்து வெறும் அச்சு. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தேய்த்தால் சைன் எது, கொஸ் எது என்று தெரியாமல் போய்விடும். 1975இல் வந்த எச்பி-25இல் ஒரே விசைக்கு மூன்று வேலை. பொன்னிற எழுத்து விசைக்கு மேலே பலகையில், நீல எழுத்து விசையின் சரிந்த முன்பக்கத்தில். இதற்கெல்லாம் பிழிந்த ஈரத்துணி போதும்.

றப்பர் பட்டன் இன்னொரு கதை. றப்பருக்கு அடியில் இருக்கும் சிறிய கரி வில்லை, உள்ளே சுற்றுப்பலகையிலுள்ள இரண்டு மின்தடங்களைத் தொட்டு இணைக்கும். கல்முனையில் மாமாவின் கடைக் கல்குலேட்டரில் 5 வேலை செய்யவில்லை. திறந்து பார்த்தேன், தடம் கறுப்பாக இருந்தது. ஊத்தை என்று நினைத்து அழிறப்பரால் தேய்த்தேன். அது ஊத்தை இல்லை, மின் கடத்தும் கரிப்பூச்சு. அந்த 5 பிறகு உயிர்பெறவே இல்லை. மாமா ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் இன்றும் மனம் கேட்கவில்லை. உலர்ந்த பஞ்சுக்குச்சியால் மெல்லத் தொட்டு எடுத்திருக்க வேண்டும்.

தையல் மெஷின் எண்ணெயும் விடாதீர்கள். தூசி ஒட்டும், றப்பர் ஊதிவிடும். அல்கலைன் பற்றரி கசிந்து வெள்ளைத் தூள் படிந்திருந்தால், பற்றரி முனையில் மட்டும் வினாகிரி ஒரு துளி. அப்புறம் நீர் தொட்ட பஞ்சு, பிறகு நன்றாகக் காயவிடுங்கள். வெயிலில் வேண்டாம், நிழலில்.

எச்பி-25 கையில் கிடைத்தால் இன்னொன்று: பற்றரிப் பொதி இல்லாமல் சார்ஜரைச் செருகாதீர்கள், உள்ளே மின்சுற்றுப் பழுதாகிவிடும்.

பாவிக்காத நாளில் பற்றரியைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு இறுக்கமான பிஸ்கட் ரின்னில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் அந்தப் பையை மாற்றுங்கள்.